கலியாண வீட்டுச் சாப்பாடு ஒவ்வொரு நாளும்: வெளிநாடு வந்தபின் உங்கள் தட்டில் என்ன மாறியது?

#1 வடலி (ஸ்காபரோ)

அம்மா நல்லூரிலிருந்து வந்து நாலு மாதமாக எங்களோடு இருக்கிறார். வந்த இரண்டாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, பிரிட்ஜைத் திறந்தவர் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். உள்ளே ஞாயிறு சமைத்த ஆட்டிறைச்சிக் கறி, கோழிப் பிரட்டல், இறால் குழம்பு, பருப்பு, கடையில் வாங்கிய மட்டன் றோல்ஸ் ஒரு பெட்டி, பிள்ளைகள் மிச்சம் விட்ட பீட்சா. "பிள்ளை, வீட்டுக்கு ஆரும் வருகினமோ?" என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை. எங்கள் நாலு பேருக்கும் அவருக்கும்தான்.

அன்று செவ்வாய் என்பதும் அவருக்கு உறுத்தியிருக்கும். சொல்லவில்லை.

ஊரில் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி என்றால் அயலில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கிப் பங்கு போடுவார்கள். தீபாவளிக்கு அடுத்த நாள், வருடப் பிறப்புக்கு அடுத்த நாள், இடையில் எப்போதாவது. ஒரு பங்கு இறைச்சியை ஏழு பேர் சாப்பிட்டோம். கறியில் கிழங்கைத் தள்ளித்தான் இறைச்சியைத் தேட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் மீன்சட்டி கவிழ்த்தபடி கிடக்கும்.

வெளிநாட்டுக்கு வந்து பேர்கரும் பீட்சாவும் தின்று கெட்டுப்போனோம் என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் பீட்சா மாதத்தில் இரண்டு தரம். மற்ற நாளெல்லாம் சோறு, புட்டு, இடியப்பம்தான். அப்படியென்றால் இந்த வயிறு எங்கிருந்து வந்தது? எனக்கென்னவோ, வெள்ளைக்காரனின் சாப்பாட்டைவிட எங்களுடைய விசேஷச் சாப்பாடுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது என்று தோன்றுகிறது. கலியாண வீட்டில் சாப்பிட்டதைத் திங்கட்கிழமை சாப்பிடுகிறோம்.

உங்கள் வீடுகளில் எப்படி? முதலில் மாறியது எது?

#2 குழல்புட்டு (மிசிசாகா)

முதலில் போனது காலைச் சாப்பாடு. சந்தேகமே இல்லை. காலை 5.40க்கு பஸ் பிடிக்கிறவன் எங்கே இடியப்பம் பிழிவது? வந்து மூன்றாவது மாதமே ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியும் ஒரு பேகலும் என்று ஆகிவிட்டது. அதுவும் டபுள் டபுள்: இரண்டு கிரீம், இரண்டு சீனி. ஊரில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த ஆள் நான்.

#3 ஒடியற்கூழ் (மொன்றியல்)

தம்பி வடலி, நான் வந்தது 1986 மாசியில். அதே வருடம் ஆவணியில்தான் 155 தமிழர்களை நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீனவர்கள் மீட்டார்கள். அந்தக் காலத்துக் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கோட்-டெ-நேஜ் பகுதியில் ஒரு அறை வீட்டில் ஐந்து ஆம்பிளைகள். ஐந்து பேருக்கும் சமைக்கத் தெரியாது. ஊரில் அடுப்படிப் பக்கம் போனால் அம்மா துரத்திவிடுவார். முதல் மாதம் சோறும் அவித்த முட்டையும்தான். பிறகு ரின் மீனை வெங்காயத்தோடு பிரட்டக் கற்றுக்கொண்டோம். தூள் இல்லை. கரிபியன்காரர் கடையில் ஒரு மஞ்சள் கறித்தூள் விற்றார்கள், அதில் உறைப்பே கிடையாது. ஆனால் அதே கடையில் தொப்பி மாதிரி ஒரு குட்டி மிளகாய் இருந்தது. ஸ்கொட்ச் பொனெட். ஐந்து மிளகாய் போட வேண்டிய இடத்தில் அதில் ஒன்று காணும் என்று தெரியாமல் ஐந்தையும் போட்டோம். அன்று அழுததற்கு மிளகாய் மட்டும் காரணம் இல்லை என்று வையுங்கள்.

மரவள்ளி, வாழைக்காய், உப்புப் போட்டுக் காயவைத்த கொட் மீன் எல்லாம் அந்தக் கடையில்தான். எங்களுக்கு முன்னால் வந்த யமேக்காக்காரரும் கயானாக்காரரும் இல்லாவிட்டால் நாங்கள் பாணிலேயே காலம் தள்ளியிருப்போம். தேங்காய் கிடையாது. கேக்குக்குப் போடுகிற உலர்ந்த தேங்காய்ப்பூவை இளஞ்சூட்டுப் பாலில் ஊறவைத்துச் சம்பல் இடித்தோம். இடிக்க உரல் எங்கே? பியர்ப் போத்தலின் அடிப்பக்கம்.

பிறகு ஒருவன் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வந்து, அம்மா கடிதத்தில் எழுதிய பக்குவப்படி தூளுக்கு வறுத்தான். மாசிக் குளிர், யன்னல் ஒன்றும் திறக்க முடியாது. மூன்று நிமிடத்தில் கட்டடம் முழுக்க அலாரம். பன்னிரண்டு மாடியும் படியில் இறங்கி வெண்பனியில் நிற்கிறது. தீயணைப்புக்காரர் இரண்டு வண்டியில் வந்து, கோடரியோடு உள்ளே நுழைந்து, தாச்சியைப் பார்த்துவிட்டு ஏதோ பிரெஞ்சில் சொன்னார்கள். விளங்காதது நல்லது.

1991இல் மனைவி வந்தார். அவர் வரும்போது நான் நல்ல சமையற்காரன். அவருக்கோ அது முதலில் பிடிக்கவில்லை, தன் இடத்தை எடுத்துவிட்டேன் என்று. இன்றுவரை மீன்குழம்பு நான், மரக்கறி அவர். எங்கள் வீட்டில் முதலில் மாறியது எது என்றால், அகப்பை பிடித்த கை.

#4 சும்மா ஒருவன் (ரொறன்ரோ)

பியர்ப் போத்தல் சம்பல் 😂 நாங்களும்தான் அண்ணை.

#5 ஈஸ்ட்ஹாம் அக்கா (லண்டன்)

வடலி, உங்கள் அம்மா பிரிட்ஜைப் பார்த்து நின்றாரே, குற்றவாளி உள்ளே இருந்த கறி இல்லை, அந்தப் பிரிட்ஜேதான்.

ஊரில் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மீன் வாங்கினால் அன்றைக்கே முடிக்க வேண்டும். மிஞ்சினால் சுண்டவைத்து அடுத்த நாள் காலை பழஞ்சோற்றோடு. அதோடு சரி. அளவு தானாக அமைந்தது. இங்கே நான் 1999இல் வந்தபோது இவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, நான் பகலில் காசாளர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் சமையல். ஒரு கிழமைக்குச் சமைப்பது என்றால் என்ன சமைப்பீர்கள்? கீரை நாலு நாள் நிற்காது. புடலங்காய் இரண்டாம் நாள் தண்ணி விடும். வறை புளித்துவிடும். இறைச்சிக் கறி ஒன்றுதான் நாள் போகப் போக ருசி கூடும்! அதனால் இரண்டு இறைச்சி, ஒரு பருப்பு. இப்படித்தான் மரக்கறி எங்கள் தட்டைவிட்டுப் போனது. விருப்பத்தால் இல்லை, வேலை நேரத்தால்.

விலையும் ஒரு காரணம். ஊரில் இறைச்சி விலை, கீரை அயல் வீட்டு வேலியில் சும்மா. இங்கே ஒரு பிடி முருங்கையிலைக்குக் கொடுக்கிற காசுக்கு அரைக் கோழி வாங்கலாம்.

#6 தயிர்சாதம் (எடிசன், நியூஜெர்சி)

நான் கும்பகோணம் பக்கம். நீங்கள் எல்லாரும் இறைச்சியைப் பற்றிப் பேசுகிறீர்கள், சைவ வீட்டுக் கதையையும் கேளுங்கள்.

எங்களுக்கு இங்கே எதுவும் கிடைக்காமல் இல்லை. ஓக் ட்ரீ ரோடில் முருங்கைக்காய் முதல் மணத்தக்காளி வற்றல் வரை இருக்கிறது. தோசை மாவு டப்பாவில் வருகிறது. ஆனாலும் என் மகன் "நான் வெஜிடேரியன்" என்று சொல்லும்போது அவன் சாப்பிடுவதில் காய்கறி எங்கே என்று தேடிப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இறைச்சி இல்லாதது என்றால் சீஸ் பீட்சா, இல்லாவிட்டால் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி. பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனால் அதுவே. வெளியூர்ப் பயணம் என்றால் டாகோ பெல்லில் பீன்ஸ் பரீட்டோ, மேலே சீஸ். எங்கள் பாட்டிக்குச் சைவம் என்றால் கீரை மசியல், பொரிச்ச கூட்டு, வாழைத்தண்டு. அவனுக்குச் சைவம் என்றால் சீஸ். சொல் மாறவே இல்லை பாருங்கள், உள்ளே இருந்த பொருள் மட்டும் கைமாறிவிட்டது.

பரீட்டோவை நான் குறை சொல்லவில்லை. அந்த பீன்ஸில் கொஞ்சம் ரசப்பொடி தூவிச் சாப்பிட்டால் அதன் ருசியே தனி.

#7 ரொறன்ரோப் பிறவி (அஜாக்ஸ்)

வடலி அண்ணா சொன்னது எனக்கு வேறு பக்கத்திலிருந்து விளங்குகிறது. நான் இங்கே பிறந்தவள், 26 வயது. (எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தமிழ்.)

சின்ன வயதில் யாராவது "தமிழ்ச் சாப்பாடு என்றால் என்ன?" என்று கேட்டால் என் பதில்: கொத்துரொட்டி, மட்டன் றோல்ஸ், பற்றிஸ், பிரியாணி, டெவில்ட் சிக்கன். எல்லாம் அலுமினியத் தட்டில் வருவது. பிறந்தநாள், சாமத்தியவீடு, அரங்கேற்றம் எல்லாவற்றிலும் அதே தட்டுகள். வீட்டில் அம்மாவுக்கு நேரமில்லாத நாளில் அதே கடையிலிருந்து அதே தட்டு, கொஞ்சம் சிறிய அளவில்.

பல்கலைக்கழகத்தில் ஒருநாள் கூட்டாளி ஒருத்தி கேல் கீரையைச் சின்னதாக அரிந்து வதக்கி, மேலே தேங்காய்த் துருவல் போட்டு, "ஆரோக்கியச் சாப்பாடு" என்று தந்தாள். வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது வறையெல்லோ" என்றார். அதற்கு முன் வறை என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பாதியை நான் வெள்ளைக்காரப் பிள்ளையிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

மதியப் பெட்டி மணக்கிறது என்று பள்ளியில் சிரித்த கதை எனக்கும் உண்டு, எல்லாரும் சொல்கிற கதைதான், விட்டுவிடுகிறேன். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள், றோல்ஸ் கொண்டுபோனால் பறிப்பார்கள்.

#8 மட்டுறுத்துநர்

இந்த இழையில் கேற்றரிங் விளம்பரம் போட்டிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 50 இடியப்பத்துக்குச் சம்பல் இலவசம் என்பது நல்ல செய்திதான், ஆனால் அதற்கு வேறு பகுதி இருக்கிறது.

#9 பேர்ண்காரன் (சுவிஸ்)

மொன்றியல் அண்ணையின் கதையைப் படிக்க என் கதைபோல இருந்தது. சுவிசில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் உணவகக் குசினிகளுக்குள்தான் போனோம். நானும் கோப்பை கழுவத் தொடங்கி, கிழங்கு சீவி, கடைசியில் சமையலுக்கு வந்தவன். 31 வருடம். றோஸ்டி, கன்றிறைச்சிக் குழம்பு, பாஸ்டா எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பொந்தியூ (உருக்கிய சீஸ்) செய்து வீட்டுக்குப் போனால் மனைவி சட்டையைப் பல்கனியில் கழற்றச் சொல்வார்.

நான் சொல்ல வந்தது நேரத்தைப் பற்றி. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஊரில் பெரிய சாப்பாடு மத்தியானம். பன்னிரண்டரை, ஒரு மணி. சோறும் மூன்று நாலு கறியும். இரவு புட்டோ இடியப்பமோ பாணோ, கொஞ்சமாக, வெள்ளென. இங்கே மத்தியானம் வேலை இடத்துச் சாப்பாடு. வெள்ளைக்காரச் சாப்பாடு மனதில் ஒட்டாது, கடமைக்குச் சாப்பிடுவது. "சாப்பிட்டேன்" என்ற நினைப்பு வருவது இரவு ஒன்பதரைக்கு வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு இருக்கும்போதுதான். பத்தரைக்குப் படுக்கை. ஆக ஒரு நாளில் இரண்டு பெரிய சாப்பாடு: ஒன்று வயிற்றுக்கு, ஒன்று மனதுக்கு.

மனைவிக்குச் சமைக்க நேரம் என்று பார்த்தால் அதுவும் இரவுதான். வேறு வழியும் இல்லை.

#10 சத்துணவு (மார்க்கம்)

வணக்கம். நீரிழிவுக்காரருக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். பேர்ண்காரன் அண்ணை சொன்ன இரவுச் சோற்றை நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். சோறு மூன்றில் ஒரு கப்பில் ஏறக்குறைய 15 கிராம் மாச்சத்து. ஒரு துண்டு பாணிலும் அதே அளவுதான். வீட்டில் நாங்கள் தட்டில் போடுகிற சோறு, அளந்து பாருங்கள், சாதாரணமாக மூன்று கப் வரும். அதாவது ஒன்பது துண்டு பாண். ஒன்பது துண்டு பாணை யாராவது ஒரே இருப்பில் சாப்பிடச் சொன்னால் "என்ன விசரோ?" என்று கேட்போம். சோறு என்றால் இரண்டாம் தரமும் போடுவோம்.

அதே சோற்றை ஊரில் சாப்பிட்டபோது ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்பார்கள். ஊரில் அப்பா சைக்கிளில் நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் மிதித்தார் என்று நான் திருப்பிக் கேட்பேன். இங்கே கராஜிலிருந்து கார், காரிலிருந்து லிஃப்ட். குளிர்காலத்தில் குப்பை வாளியைத் தெருவுக்குக் கொண்டுபோவதுதான் பலருக்கு உடற்பயிற்சி. எங்கள் உடம்புவாகும் கொஞ்சம் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2004இல் ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடை) 23லிருந்தே கவனம் வேண்டும் என்றது. மற்றவர்களுக்கு அது 25.

இன்னொன்று குரக்கன் (கேழ்வரகு). அதை மருந்து என்று நினைத்து மூன்று பங்கு சாப்பிடுகிறார்கள். குரக்கனிலும் மாச்சத்துத்தான். நார் கூட இருக்கிறது, அவ்வளவே. பிரவுண் நிறப் பாண் எல்லாம் தவிட்டுப் பாண் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#11 ஒடியற்கூழ் (மொன்றியல்)

தங்கச்சி, கோபிக்காதீர்கள். இங்கே ஒரு மருத்துவமனையில் உங்கள் மாதிரி ஒரு பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளை, எனக்கு ஒரு தாள் தந்தது. அதில் கினோவா, ப்ரொக்கோலி, யோகட் எல்லாம் படத்தோடு இருந்தது. சோற்றின் மேல் சிவப்புக் கோடு. இடியப்பத்தை எங்கே வைப்பது என்று கேட்டேன். கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு "நூடில்ஸ்" என்றது. நூடில்ஸும் வேண்டாமாம். அந்தத் தாளை நான் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் சீனி இன்னும் கூடிவிட்டது.

#12 சத்துணவு (மார்க்கம்)

அண்ணை, கோபம் இல்லை, உங்கள் பக்கம்தான் நான். கனடாவின் உணவு வழிகாட்டி 2019இல் மாறியதே, அதில் இப்போது ஒரு தட்டுப் படம்: பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம். கினோவா வேண்டும் என்று சட்டம் இல்லை. பாதித் தட்டுக்குக் கோவா (முட்டைகோஸ்) வறையும் கத்தரிக்காயும் கீரையும், கால் தட்டுக்குச் சிவப்பரிசிச் சோறு, கால் தட்டுக்கு மீனும் பருப்பும். இது உங்கள் அம்மா வெள்ளிக்கிழமை போட்ட தட்டுக்குக் கிட்ட வரும், சோற்றை மட்டும் குறைத்து. இடியப்பம் என்றால் மூன்று, நாலு. பத்து இல்லை. சொதியில் முதற்பாலைக் குறையுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடிக்க வேண்டாம், தயவுசெய்து.

#13 வேலிக்கதியால் (ஒஸ்லோ)

ஊர்ச் சாப்பாடு, ஊர்ச் சாப்பாடு என்கிறீர்கள். எந்த வருடத்து ஊர்?

புட்டையே எடுங்கள். எங்கள் வீட்டில் புட்டும் இடியப்பமும் பாதி நாள் கோதுமை மாவில்தான், அவித்து அரித்த மா. அந்த மாவை என் பாட்டி கடைசிவரை "அமெரிக்கன் மா" என்றுதான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் எங்கே கோதுமை விளைந்தது? கப்பலில் வந்தது. பிறகு 1980இல் திருகோணமலையில் பிறீமா மாவாலை வந்தது, பாண் இன்னும் மலிந்தது. அதற்கு முன் 1970களின் நடுவில் பாணுக்கு வரிசை, மரவள்ளிதான் மூன்று நேரமும். கப்பலில் வந்த மாவை நாங்கள் அவித்து, அரித்து, நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கிற ஓலைப் பெட்டி) போட்டு எங்களுடையதாக்கினோம். மிளகாயும் மரவள்ளியும் அதற்கும் முன்னால், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலங்களில் வந்தவை. ஒடியற்கூழ் அண்ணை, உங்கள் பெயரில் இருக்கிற கூழிலேயே தென்னமெரிக்கா பாதி இருக்கிறது.

சாப்பாட்டை மட்டும் பழி சொல்வதிலும் எனக்குச் சந்தேகம். 1965இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, யப்பானிய ஆண்களை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தது: யப்பானிலேயே இருந்தவர்கள், ஹவாய்க்குப் போனவர்கள், கலிபோர்னியாவுக்குப் போனவர்கள். இதய நோய் யப்பானில் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிபோர்னியாவில் அதிகம். ஒரே வம்சம், மூன்று கரை. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் கலிபோர்னியாக்காரரை மட்டும் தனியே பிரித்து 1976இல் எழுதினார்கள். யப்பானியச் சமூகத்தோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது. உணவு, கொழுப்பு, புகை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. தனியே இருந்து சாப்பிடுவதும் சேர்ந்து சாப்பிடுவதும் உடம்புக்கு ஒன்றல்ல போலிருக்கிறது.

#14 ஈஸ்ட்ஹாம் அக்கா (லண்டன்)

சேர்ந்து சாப்பிடுவது என்றால் எங்கள் ஆட்களுக்கு அலுமினியத் தட்டுத்தானே வேலிக்கதியால் 🙂 அதில் நோய் குறையுமோ?

#15 கப்பல்காரன் (இப்போது தூத்துக்குடி)

நான் கப்பல் கம்பெனி வேலையாக மூன்று வருடம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தவன். ஒஸ்லோ நண்பர் சொன்ன மாவுக் கதைக்குப் பக்கத்தில் இதை வையுங்கள்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன முதல் கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் ஆட்கள் அங்கே இறங்கினார்கள். இப்போதைய தலைமுறைக்குத் தமிழ் பெரும்பாலும் பேச வராது. ஆனால் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். நான் போய் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தேன். புளிப்பு அதே புளிப்பு. நிறம் மட்டும் வெள்ளை! கேட்டால் மக்காச்சோள மாவு. அங்கே ஏழைகளின் தானியம் அதுதான். கேழ்வரகு, கம்புக்குப் பதில் அது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. மாரியம்மனும் ஒன்றும் சொல்லவில்லை போல.

அதே ஊரில் பாணைக் குடைந்து உள்ளே கறி ஊற்றி விற்கிறார்கள், பன்னி சவ் என்று பெயர். பக்கத்தில் ஒரு தாத்தா அதைப் பிய்த்துச் சாப்பிடும்போது கறியை "கறி" என்றே சொன்னார். மொழியில் மிஞ்சியது அடுப்படிச் சொற்கள்தான்.

#16 மறுமொழி எழுதாதவன் (வின்னிபெக்)

ஐந்து வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதியதில்லை. வடலியின் அம்மா கேட்ட கேள்விக்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது.

1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. வருகிற கொஞ்ச நஞ்சத்துக்கு ஒரு சைக்கிளின் விலை. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு முட்டைப் பொரியலை அம்மா கத்தரிக்கோலால் வெட்டித் தந்திருக்கிறார். சமனாக வரவேண்டும் என்று.

1998இல் இங்கே வந்தேன். முதல் சம்பளத்தில் முப்பது முட்டை வாங்கி ஒரே நாளில் பன்னிரண்டு பொரித்துத் தின்றேன். பசி இல்லை. இப்போது ஐம்பது வயதாகப் போகிறது, கொலஸ்ட்ரோல் மாத்திரை போடுகிறேன், கீழ்த்தளத்தில் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு பெட்டி ரின் மீனும் இல்லாவிட்டால் நித்திரை வராது. டீப் பிரீசர் நிரம்பி வழிகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதை எந்த உணவு ஆலோசகரிடம் போய்ச் சொல்வது?

#17 சத்துணவு (மார்க்கம்)

அண்ணை, நன்றி. உணவு அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. இனி நான் கேட்கிற முதல் கேள்வியை மாற்றப் போகிறேன்.

#18 குழல்புட்டு (மிசிசாகா)

எங்கள் அப்பாவும் அப்படித்தான். பாண் துண்டு காய்ந்து கல்லானாலும் எறிய விடமாட்டார்.

#19 வடலி (ஸ்காபரோ)

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் வேலை, வரமுடியவில்லை.

#16ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாவோ?" என்று மட்டும் கேட்டார். மறுமொழி எழுதாதவன், முடிந்தால் பதில் போடுங்கள், அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

ஈஸ்ட்ஹாம் அக்கா சொன்னது எனக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஞாயிற்றுச் சமையல்தான் எங்கள் தட்டைத் தீர்மானிக்கிறது. அதனால் இப்போது ஒரு சின்ன மாற்றம்: ஞாயிறு இறைச்சி ஒன்றே ஒன்று. புதன் இரவு அரை மணித்தியாலம் ஒதுக்கி ஒரு வறை, கேலோ கோவாவோ. செவ்வாய் மரக்கறி, அம்மா நிற்கும்வரை. அவர் போனபின் என்ன ஆகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என் மகனுக்குச் செவ்வாய் என்றால் இப்போதே முகம் தொங்குகிறது.

அம்மா அடுத்த கிழமை திரும்புகிறார். பெட்டி கட்டுகிறோம். என்ன வேண்டும் என்று கேட்டேன். சொக்லேற், சவர்க்காரம், அயலட்டைக்குத் தைலம் என்று வழக்கமான பட்டியல் வரும் என்று நினைத்தேன். "அந்த ஓட்ஸ் நாலு பக்கற் வை" என்கிறார். நாலு மாதமாக நான் வேலைக்குப் போனபிறகு காலையில் ஓட்ஸை வறுத்து, இடித்து, தேங்காய்ப்பூ போட்டுப் புட்டு அவித்துச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு ஒருநாளும் தரவில்லை. நான் பேகலோடு ஓடுகிறவன் என்று விட்டுவிட்டாராம். நல்லூரிலும் கிடைக்குமே என்றேன். "அது வேற, இது அவியேக்க குழையாது" என்கிறார்.

நீத்துப்பெட்டியை எனக்கு விட்டுவிட்டுப் போகிறார்.

#20 சும்மா ஒருவன் (ரொறன்ரோ)

ஓட்ஸ் புட்டுக்குத் தண்ணி எவ்வளவு? நான் செய்தது களியாகிவிட்டது.

#21 வடலி (ஸ்காபரோ)

அம்மாவிடம் கேட்டேன். ஊற்றக் கூடாதாம். உப்புத் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசிற வேண்டுமாம், பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர வேண்டும். இடிக்கும்போது மாவாக்கிவிடாமல் குறுணியாக நிற்பாட்டச் சொல்கிறார். நீராவியில் ஏழெட்டு நிமிடம். எந்த ஓட்ஸ் என்றால், அவசர ஓட்ஸ் இல்லை, தடித்தது, நீலப் பெட்டி.